மணப்பாட்டில் நடுங்கிய கேமரா

கோயம்புத்தூரில் எந்தத் தெருவில் நின்றாலும் மேற்கே ஒரு மலை தெரியும். வாழ்நாள் முழுக்க அதைப் பார்த்துப் பழகிய எனக்கு, மணப்பாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே ஒன்றுமே இல்லாமல் வெறும் தண்ணீராகக் கிடந்தது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. கண்ணை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. கையில் துணிப்பை, தோளில் இன்னொரு பை. தோளில் தொங்கியதற்குள் என் மகள் வாங்கித் தந்த ட்ரோன் இருந்தது.

நான் ஊர் சுற்றுகிற ஆள் இல்லை. பஞ்சாலையில் கணக்கர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி இருந்தவரை அவள் இழுத்த இழுப்புக்குப் பழனியும் ஊட்டியும் போனதுண்டு. அவள் போன பிறகு வாசல் கேட்டைத் தாண்டுவதே பால் வாங்கத்தான். மெல்பர்னில் இருக்கும் மகள் கௌசல்யா இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, வயதானவர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பு ஒன்றைப் பார்த்து வைத்தாள். மூன்று வேளைச் சாப்பாடு, நடைபாதை, கூப்பிட்டால் நர்ஸ். அந்த இடத்தின் படம் வந்தாலே நான் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். கடைசியில் பேசி முடித்த ஒப்பந்தம் இது: ஒரு வாரம் நான் தனியாக வெளியூரில் இருந்து காட்ட வேண்டும். தினமும் சாயங்காலம் ட்ரோனில் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஒழுங்காக முடித்துவிட்டால் வீட்டைப் பூட்டுகிற பேச்சை அவள் மறுபடி எடுக்க மாட்டாள்.

ஏன் மணப்பாடு என்று கேட்டால் பெரிய காரணம் இல்லை. டீக்கடைக் காலண்டரில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேடும் அதன் மேல் ஒரு சிலுவைக் கோயிலும் பார்த்திருந்தேன். எங்கே பறக்கவிடலாம், எங்கே கூடாது என்பதையெல்லாம் மகளே விசாரித்துச் சொல்லிவிட்டாள். தூத்துக்குடித் துறைமுகத்தின் பக்கம் மட்டும் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

தங்கியது சேவியர் என்பவர் வீட்டு மாடி அறையில். ஊரில் அவரைத் தண்டல் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போகும் மரத்தோணிக்குத் தலைவராக இருந்தவர். என் வயதுதான் இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது, அங்கே எல்லாமே கட்டிக் கிடந்ததுதான். நாற்காலியின் கால் ஜன்னல் கம்பியோடு கட்டியிருந்தது. தண்ணீர்க் குடத்தின் மூடி குடத்தின் கழுத்தோடு கட்டியிருந்தது. அலமாரியில் இருந்த டம்ளர்கள் விழாமலிருக்கக் குறுக்கே ஒரு கயிறு.

நான் பார்ப்பதை அவர் மனைவி ரோஸ்மேரி கவனித்துவிட்டார். “தோணியை விட்டு எறங்கி எத்தனையோ வருசமாச்சு அண்ணாச்சி. தோணி இன்னும் இவரை விட்டு எறங்கல. ஒரு நாளு என்னையும் தூணோட சேத்துக் கட்டிருவாரு பாத்துக்கிடுங்க.”

“ஏளா, ஒன்னக் கட்டுனா கயிறுதான் அத்துக்கிட்டுப் போவும்” என்றார் தண்டல். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஒரு நொடி தாமதமாக.

மத்தியானம் ஊளி மீன் குழம்பு. அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டுப் பொங்கித் தின்று வளர்ந்த எனக்கு மீனில் முள் எடுப்பது பிடிபடாத வேலை. ரோஸ்மேரி அதைப் பார்த்துவிட்டு, “முள்ளு எடுக்கத் தெரியாதா? இருங்க, நடுத்துண்டாப் போடுதேன்” என்று தட்டை மாற்றி வைத்தார். அப்படி ஒருவர் என் தட்டைக் கவனித்து நெடுநாளாயிற்று. தின்ற களைப்பில் ட்ரோனைக் கீழே மேசை மேல் விரித்து, பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்த் தூங்கிவிட்டேன்.

சாயங்காலம் கரைக்குப் போய் முதல் தடவை பறக்கவிட்டேன். கோயம்புத்தூரில் பள்ளிக்கூட மைதானத்தில் பலமுறை பழகியதுதான். ரீங்காரமிட்டுக்கொண்டு மேலே போய், கோயில் மேட்டைச் சுற்றி, சமர்த்தாகத் திரும்பி என் காலடியில் இறங்கியது. எல்லாம் சரி. அறைக்கு வந்து படத்தைப் போட்டுப் பார்த்தால் கோயில் சுவர் தட்டில் வைத்த அல்வாவாக நெளிகிறது. கடல், படகு, மணல், எல்லாவற்றிலும் விடாத ஒரு நடுக்கம். சரி, முதல் நாள்தானே என்று அப்படியே அனுப்பிவிட்டேன்.

பதில் கொஞ்ச நேரத்தில் வந்தது. “நல்லா இருக்குங்கப்பா. ஆனா ஏன் இப்படி ஆடுது? கரையில ஒரு கம்பு நட்டிருக்கே, அதுகூட ரெண்டு ரெண்டாத் தெரியுது. உங்க கை...”  

என் அப்பாவுக்கு நடுக்குவாதம். கடைசி வருடங்களில் அவருக்குக் காபியைப் பாதி டம்ளர்தான் ஊற்றுவோம். கௌசல்யா சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தப் பாதி டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. எனவே ஆடுகிற படத்தைப் பார்த்து அவள் எதை நினைத்தாள் என்பது எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் நினைத்தேன். படுக்கும் முன் கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தேன். ஆடியது மாதிரியும் இருந்தது, ஆடாத மாதிரியும் இருந்தது.

மறுநாள் பழியைக் காற்றின் மேல் போட்டேன். மணப்பாட்டுக் காற்று அப்படிப்பட்டதுதான், டீக்கடையில் கிளாஸுக்குள் மணல் விழும். அதனால் காற்று எழும்பும் முன், விடிந்த கையோடு போய்ப் பறக்கவிட்டேன். கடல் எண்ணெய் தடவியது போல் கிடந்தது, மரத்தில் ஒரு ஓலை அசையவில்லை. படம் ஆடியது. இறக்கையைப் பார்த்தேன். ஒன்றில் ஓரம் லேசாகத் தேய்ந்திருந்தது. பையில் இருந்த புது இறக்கைகளை, சின்னத் திருகாணிகளை மணலில் தொலைக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினேன். அப்போதும் ஆடியது. கேமராவுக்குச் சமநிலை சரிசெய்ய வேண்டும் என்று மகள் போனில் சொன்னாள். சமதளமான இடம் வேண்டுமாம். கோயில் முற்றத்துச் சிமெண்டுத் தரையில் வைத்து அதையும் செய்தேன். கேமரா ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் தலையாட்டி முடித்தது. பறக்கவிட்டால் மறுபடியும் அதே நடுக்கம்.

“பரவாயில்லைங்கப்பா, விடுங்க. நீங்க சிரமப்படாதீங்க” என்றாள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். நான் என் அப்பாவிடம் பேசிய குரல் அது.

அதனால் அடுத்த நாள் தூத்துக்குடிக்குக் கிளம்பினேன். கல்யாணங்களுக்கு ட்ரோனில் படமெடுக்கும் ஸ்டூடியோ ஒன்று அங்கே இருப்பதாகத் தண்டல் சொல்லியிருந்தார். திருச்செந்தூரைத் தாண்டி, உப்பளங்களின் நடுவே பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. இருபுறமும் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். வெயில் மேலேயும் அடித்தது, கீழேயிருந்தும் அடித்தது. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் டிரைவரிடம், “ஏனுங்க, எப்பங்க கெளம்பும்?” என்று மரியாதையாகத் தொந்தரவு செய்திருப்பார்கள். இங்கே ஒருவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, “ஏலே, வண்டி ஓட்டுதியா, வத்தல் காயப்போடுதியா?” என்றார். டிரைவரே சிரித்துவிட்டார். பஸ்ஸில் எல்லாரும் எல்லாரிடமும் பேச ஆரம்பித்தார்கள். ஒரு அம்மாள் பனங்கிழங்கை உரித்துப் பக்கத்து இருக்கைக்கும் எதிர் இருக்கைக்கும் நீட்டினார். நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் எனக்கு வரவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் கிடைத்திருக்கும்.

ஸ்டூடியோக்காரர் நல்ல மனிதர். ட்ரோனை மேசையில் வைத்து உயிர்கொடுத்தார். கேமரா நிமிர்ந்து பார்த்தது. திரையில் அவர் கடையின் மணமக்கள் படமெல்லாம் சிலை மாதிரி அசையாமல் தெரிந்தன. ட்ரோனைக் கையில் எடுத்துச் சாய்த்தார், திருப்பினார். படம் இம்மியும் பிசகவில்லை.

“வெளிய விட்டுப் பாக்கலாமுங்களா?”

“இங்கன விட முடியாது அண்ணாச்சி. ஹார்பர் பக்கம். போலீஸ் வந்துரும்.” ட்ரோனை என் பக்கம் நகர்த்தி வைத்தார். “மிசின்ல ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு. தப்பா எடுத்துக்கிடாதிய. பறக்கவிடுத ஆளு கை பதறுச்சுன்னாலும் இப்பிடி வரும்னு சொல்லுதாவ. டாக்டரை ஒரு எட்டுப் பாத்துக்கிடுங்களேன்.”

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பசியில்லை. ஆனாலும் தூத்துக்குடி வரை வந்துவிட்டு எண்ணெயில் பொரித்த பரோட்டா சாப்பிடாமல் போகக் கூடாது என்று ஒரு கடைக்குள் நுழைந்தேன். “எத்தனை பேரு?” என்றார் சப்ளையர். ஒருத்தர் என்றதும் கை கழுவும் இடத்துக்கு அடுத்த மூலை மேசையைக் காட்டினார். தனியாகச் சாப்பிடுகிறவனுக்கு எல்லா ஊரிலும் அதே மேசைதான். பரோட்டா பிரமாதமாக இருந்தது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நிமிர்ந்தேன், எதிரே வாஷ்பேசின்தான் இருந்தது.

கால் போன போக்கில் நடந்து திரேஸ்புரம் கரைக்குப் போய்ச் சேர்ந்தேன். படகுகள் வந்து சேர்ந்த நேரம். மீன் ஏலம் விடுகிற சத்தத்தில் காது அடைத்தது. இத்தனை பேர் மத்தியில் என்னை யார் கவனிக்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில் வலது கையை நேராக நீட்டி, விரல்களை விரித்து உற்றுப் பார்த்தேன்.

கூடையைத் தூக்கிக்கொண்டு போன ஒரு பெண் நின்றாள். “என்ன அண்ணாச்சி, மழை வருதான்னு பாக்கியளா?”

“ஆமாங்க” என்றேன்.

“இன்னைக்கு வராது, போங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே கண்ணும் கலங்கியது. கை ஆடியதா இல்லையா என்று கடைசிவரை பார்க்கவேயில்லை.

அன்றும் அடுத்த இரண்டு நாளும் ட்ரோனைப் பையை விட்டு எடுக்கவில்லை. பேட்டரி ஏறவில்லை என்று மகளிடம் புளுகினேன். அவள் அந்தக் குடியிருப்பின் படங்களை இன்னொரு முறை அனுப்பினாள். இந்தத் தடவை போனைக் கவிழ்க்கவில்லை. நடைபாதை ஓரத்தில் கைப்பிடிக் கம்பி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது. எந்த அறை ஜன்னலில் மலை தெரியும் என்றுகூட யோசித்தேன். ஒரு மனிதன் தோற்பது இப்படித்தான், சத்தமில்லாமல், ஜன்னல் பார்த்துக்கொண்டு.

கிளம்புவதற்கு முந்தைய நாள் காலை. ரோஸ்மேரி ஆப்பம் வார்த்துக்கொண்டிருந்தார். தண்டல் கருப்பட்டிக் காபியோடு எதிரே உட்கார்ந்தார்.

“என்ன அண்ணாச்சி, ஒங்க பறக்குத வண்டை வெளிய எடுக்கவே காணோம்?”

யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. “படம் ஆடுதுங்க. எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன். என்ற கைதான் நடுங்குது போலிருக்குங்க. எங்கப்பாவுக்கு இருந்தது எனக்கும் வந்துருச்சு.”

தண்டல் டம்ளரைக் கீழே வைத்தார். “ஆடுதா? எப்பிடி ஆடும்? நான்தான் நல்லா இறுக்கிக் கட்டியிருக்கேனே.”

“எதைங்க?”

“கேமராவத்தான். நீங்க வந்த அன்னைக்கு மேசை மேல கெடந்துச்சு. தலை தொங்கிப் போயி அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுது. தூக்கிப் பாத்தா, நாலு சொட்டு ரப்பர்லதான் தொத்திக்கிட்டு நிக்குது. வேற பிடிமானமே இல்ல. தண்ணிக்கு மேல போற சாமான், அத்துக்கிட்டு விழுந்துட்டுன்னா? மனசு கேக்கல. தங்கூசி எடுத்து நாலு மூலையும் சேத்துக் கட்டிட்டேன். சொல்லணும்னு நெனச்சேன், நீங்க தூங்கிட்டு இருந்திய. பெறவு மறந்துட்டு.”

மாடிக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ட்ரோனைக் கொண்டுவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலைகீழாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. தங்கூசி என்பது மீன்வலை பின்னும் நைலான் நரம்பு, கண்ணாடி மாதிரி நிறமே கிடையாது. நகத்தால் தடவியபோதுதான் தட்டுப்பட்டது. கேமரா தொங்கும் தட்டையும் அதற்கு மேலுள்ள தட்டையும் சேர்த்து நாலு மூலையிலும் முடிச்சு. வால் துளிகூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை, அத்தனை சுத்தமான வேலை. இறக்கைகள் சுழலும்போது உடம்பெல்லாம் ஓடும் அதிர்வைக் கேமராவுக்கு விடாமல் உறிஞ்சுவதற்குத்தான் நடுவில் அந்த ரப்பர். தண்டல் போட்ட முடிச்சுகளால் ரப்பர் அசைய வழியில்லாமல் போய், அதிர்வு அப்படியே கேமராவுக்குள் இறங்கியிருக்கிறது. ஸ்டூடியோ மேசையில் இறக்கை சுழலவேயில்லை, அங்கே படம் எப்படி ஆடும்?

நான் இதைச் சொல்லச் சொல்லத் தண்டலின் முகம் சுருங்கிவிட்டது. ரோஸ்மேரி கரண்டியோடு வந்து நின்றார். “அடப் பாவி மனுசா! யாரு சாமான யாரு கட்டுதது? அந்த அண்ணாச்சி சீக்கு வந்துட்டுன்னு இத்தனை நாளாத் தவிச்சிருக்காவ!”

“விழுந்துறக் கூடாதேன்னுதாம்ளா...” என்றார் தண்டல் தரையைப் பார்த்து.

எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் கொண்டுவந்த ஒரு பொருள் கடலில் விழுந்துவிடக் கூடாது என்று இந்த வீட்டில் ஒருவர் நினைத்திருக்கிறார் என்பது கோபத்தோடு கூடவே வந்தது. நகவெட்டியை எடுத்து, நாலு முடிச்சையும் நானே வெட்டினேன். ஒவ்வொன்றும் கடுகளவு. பக்கத்தில் இருந்த ரப்பரில் ஒரு கீறல் விழவில்லை. வெட்டி முடித்த பிறகுதான் கவனித்தேன், கை ஆடவில்லை.

“பெறவு விழுந்தா என்னையச் சொல்லக் கூடாது” என்றார் தண்டல்.

சாயங்காலம் அவரையும் கரைக்குக் கூப்பிட்டேன். வருவதாகத்தான் இருந்தார். ரோஸ்மேரி கருப்பட்டி வாங்க வேண்டுமென்று அவரை உடன்குடிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஸ்கூட்டரில் ரோஸ்மேரி பின்னால் உட்கார்ந்து, ஒரு கையால் பையையும் மறு கையால் தண்டலின் சட்டையையும் பிடித்திருந்தார். வண்டி திருப்பத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தனியாகக் கரைக்கு நடந்தேன்.

அன்றைக்கு எடுத்த படத்தை என் வாயால் நானே புகழக் கூடாது. மேடு, கோயில், அதன் பின்னால் மணல் தடுத்த உப்பங்கழி, வரிசையாக ஏற்றிவைத்த படகுகள், மாலை வெயில். எல்லாம் வைத்தது வைத்தபடி நின்றன. அலை மட்டும் அசைந்தது, அது அசைய வேண்டியதுதானே. கடைசியில் ட்ரோன் கடலுக்கு மேலிருந்து மெதுவாகக் கரையை நோக்கித் திரும்பி வந்தது. நீளமான வெறும் மணல், அதில் என் காலடிகள் ஒரே வரிசையாக வந்து, ஒற்றையாக நிற்கும் என்னிடம் முடிகின்றன.

அங்கேயே மணலில் உட்கார்ந்து அனுப்பினேன். “என்ற கை நல்லாத்தான் இருக்குது கண்ணு. ட்ரோன்லதான் கோளாறு, சரி பண்ணிட்டேன். இனி வீட்டைப் பூட்டற பேச்சு வேண்டாம்” என்று கீழே எழுதினேன். பரீட்சையில் தேறிய பையனின் சந்தோஷம்தான் எனக்கு.

“சூப்பருங்கப்பா! ஆடவே இல்லை!” என்று உடனே வந்தது.  “இன்னொரு தடவை போட்டுப் பாக்கறேன்” என்று கூடவே எழுதியிருந்தாள். வெயில் இறங்கிவிட்டது. படகுக்காரர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

போன் மறுபடி ஒளிர்ந்தது.

“அப்பா, முதல் நாள் கரையில ஒரு கம்பு நட்டிருக்குன்னு சொன்னேனே. அது நீங்களா?”

“ஆமாங் கண்ணு” என்று எழுதினேன்.